பெராரிக்குப் பக்கத்தில் எடுத்த போட்டோ

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் வாசியுங்கள். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

போன கிழமை பத்தாம் வகுப்பில் புவியியல் பாடம் முடிந்து வெளியே வரும்போது ஒரு மாணவன் பின்னாலேயே வந்தான்.

"சேர், மொனாக்கோ எண்டது நாடா, இல்லாட்டி டவுனா?"

"நாடுதான். ஏன் கேக்கிறாய்?"

"எங்கட பக்கத்து வீட்டுக் காக்கா அங்கதான் இரிக்கார். சிவப்புப் பெராரிக்குப் பக்கத்தில நிண்டு போட்டோ போட்டிரிக்கார். அவர் அங்க பெரிய ஆளா சேர்?"

யாரைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். அவரும் என்னிடம் படித்தவர்தான். அந்தப் போட்டோவுக்கு நானும் லைக் போட்டிருக்கிறேன். அதைவிட, போன வருடம் ஏப்ரல் விடுமுறையில் அதே இடத்தில் நின்று நானும் ஒரு போட்டோ எடுத்து இதே பக்கத்தில் போட்டேன். அப்போது நீங்களெல்லாம் "மாஷா அல்லாஹ் சேர், கலக்குறீங்க" என்று எழுதினீர்கள். அந்தப் போட்டோவில் இல்லாததை எழுத வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்த மாணவனின் கேள்வி. மொனாக்கோ ஒரு நாடு. 1993 முதல் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமையும் இருக்கிறது. ஆனால் முழு நாடும் இரண்டு சதுர கிலோமீற்றரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கொழும்பில் கடலை நிரப்பி உருவாக்கிய போர்ட் சிட்டி 269 ஹெக்டேயர். மொனாக்கோ முழுவதும் சுமார் 208 ஹெக்டேயர். அதாவது நம் போர்ட் சிட்டிக்குள் அந்த நாட்டை வைத்தால் மிச்சமும் இருக்கும். அந்த இடத்துக்குள் ஏறக்குறைய 38,000 பேர் வசிக்கிறார்கள். அவர்களில் மொனாக்கோக் குடியுரிமை உள்ளவர்கள் நாலில் ஒரு பங்கு அளவுதான். மற்றவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். வீட்டு விலை ஒரு சதுர மீற்றருக்கு 50,000 யூரோவைத் தாண்டுகிறது. ஒரு பாய் விரிக்கும் இடத்தின் விலைக்கு நம் ஊரில் வளவோடு நல்ல வீடு வாங்கலாம்.

நாங்கள் போனது பாரிஸ் பக்கம் இருக்கும் என் தங்கச்சி குடும்பத்தோடு. மூன்று நாள் நீஸ் நகரத்தில் தங்கினோம். அங்கிருந்து மொனாக்கோவுக்கு ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லை. மொனாக்கோவில் விமான நிலையம் கிடையாது. வசதி உள்ளவர்கள் நீஸிலிருந்து ஹெலிகொப்டரில் ஏழு நிமிடத்தில் போய்விடுகிறார்கள். நாங்கள் காலையில் வேலைக்குப் போகும் சனத்தோடு ரயிலில் நின்றுகொண்டே போனோம். ஒரு பக்கம் முழுக்க நீலக் கடல், மற்றப் பக்கம் மலை. ஆனால் பெட்டிக்குள் யாரும் கடலைப் பார்க்கவில்லை. பாதிப்பேர் தூக்கம், மீதிப்பேர் போனில். மொனாக்கோவில் வசிக்கும் மக்களைவிட அங்கே வேலை செய்பவர்களின் தொகை அதிகம். ஒவ்வொரு நாளும் பிரான்ஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பல்லாயிரம் பேர் காலையில் வந்து மாலையில் திரும்புகிறார்கள். அந்த நாட்டை இயக்குபவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த நாட்டில் படுக்க இடமில்லை. நான் முதலில் பார்த்த "காட்சி" இதுதான். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இது இருக்காது.

ரயில் நிலையம் பாறையைக் குடைந்து நிலத்துக்குக் கீழே கட்டப்பட்டிருக்கிறது. வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் செயின்ட் டெவோட் என்ற சின்னத் தேவாலயம். கார்ப் பந்தயம் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். மொனாக்கோ பந்தயத்தின் முதல் வளைவு அது. என் மருமகன் அந்த இடத்தில் துள்ளிக் குதித்தான். "மாமா, இது ரோட்டா, ட்ரெக்கா?" என்று கேட்டான். இரண்டும்தான். வருடம் முழுக்க பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் ஓடும் சாதாரண வீதி, சில நாட்களுக்கு மட்டும் போர்முலா வன் பாதையாகிறது.

அந்த வளைவில் ஒரு பழைய புகாட்டி காரோடு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. வில்லியம் குரோவர் வில்லியம்ஸ். 1929 ஏப்ரல் 14 இல் நடந்த முதல் மொனாக்கோ பந்தயத்தில் வென்றவர். சனம் பக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறது. அவருடைய மிச்சக் கதையை வாசித்தவர்கள் குறைவு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் இரகசியப் பிரிவுக்காக பிரான்ஸில் வேலை செய்து, நாஸிகளிடம் பிடிபட்டு, தடுப்பு முகாமில் கொல்லப்பட்டவர் அவர். ஒரு மனிதனை அவன் ஓட்டிய காரை வைத்து மட்டும் நினைவு வைத்திருப்பது எவ்வளவு குறைவான நினைவு என்று அந்த இடத்தில் நின்று யோசித்தேன்.

பிள்ளைகள் கேட்டதால் முழுப் பாதையையும் நடந்தே சுற்றினோம். 3.337 கிலோமீற்றர். மேலே கஸினோச் சதுக்கம் வரை ஏற்றம், பிறகு இறக்கம், ஊசி வளைவு, கடலோரச் சுரங்கம், துறைமுகம், நீச்சல் தடாகம், கடைசியில் ரஸ்காஸ் வளைவு. பந்தயக்காரர்கள் ஒரு நிமிடமும் கொஞ்சச் செக்கன்களும் எடுக்கும் தூரத்துக்கு எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. நடுவில் என் உம்மாவுக்கு மூச்சு வாங்கி மூன்று தடவை உட்கார்ந்தோம். பந்தயம் பிடித்தவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்: டிக்கட் வாங்க வழியில்லாவிட்டால் கவலை வேண்டாம், அந்தப் பாதையை நடந்து பாருங்கள். ஒரு சதமும் செலவில்லை. ஊசி வளைவில் மணிக்கு 50 கிலோமீற்றர் அளவுக்கு வேகம் இறங்குகிறது, போர்முலா வன் பந்தயங்களிலேயே மிக மெதுவான வளைவு அதுதான். டிவியில் பார்க்கும்போது அது ஏன் என்று விளங்காது. நேரில் நின்றால் விளங்கும். நம் பிரதான வீதி பஸ் அந்த இடத்தில் திரும்ப இரண்டு தடவை ரிவர்ஸ் எடுக்க வேண்டி வரும்.

இவ்வளவு ஒடுக்கமான இடத்தில் முந்திச் செல்வது மிகவும் கஷ்டம். 2024 இல் முதல் பத்து இடங்களில் புறப்பட்டவர்கள் அதே வரிசையிலேயே பந்தயத்தை முடித்தார்கள். அந்த வருடம் வென்றவர் ஷார்ல் லெக்லேர், அந்த மண்ணிலேயே பிறந்த பையன். 1931 க்குப் பிறகு ஒரு மொனாக்கோக்காரர் அங்கே வென்றது அப்போதுதான். பந்தயம் சுவாரசியமாக இருக்கவில்லை என்று உலகம் முழுக்கக் குறை சொன்னார்கள். ஆனால் தான் வளர்ந்த வீதியில் வென்ற பிள்ளைக்கும் அந்த ஊர்ச் சனத்துக்கும் அது எப்படி இருந்திருக்கும் என்று நம் ஊர்க் கிரிக்கெட் இறுதிப்போட்டியை நினைத்துப் பாருங்கள்.

நாங்கள் போனபோது பந்தயத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆனால் இரும்புத் தடுப்புகளும் கம்பி வலைகளும் பார்வையாளர் மேடைகளும் அப்போதே எழும்பிக்கொண்டிருந்தன. பூட்டுவதற்கு ஆறு வாரம் அளவிலும், கழற்றுவதற்கு மூன்று வாரம் அளவிலும் எடுக்குமாம். அந்தப் பாதுகாப்பு சும்மா வந்ததில்லை. 1955 இல் அல்பேர்ட்டோ அஸ்காரி காரோடு துறைமுகத்துக்குள்ளேயே விழுந்தார். நீந்தி வெளியே வந்தவர், நான்கு நாளில் இத்தாலியில் இன்னொரு கார் ஓட்டும்போது இறந்துபோனார். 1967 இல் லொரென்ஸோ பந்தினியின் கார் மோதித் தீப்பிடித்தது. ஓரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளும் சேர்ந்து எரிந்தன. மூன்று நாளில் அவர் இறந்தார். அதன் பிறகுதான் வைக்கோல் கட்டுகள் கைவிடப்பட்டன.

இதை எழுதும்போது 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை நினைவுக்கு வராமல் இருக்காது. பாதையை விட்டு விலகிய பந்தயக் கார் பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்குள் புகுந்து 7 பேர் இறந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளையும் அதில் இருந்தது. மொனாக்கோவில் நான் மிகவும் நேரம் நின்று பார்த்தது எந்தக் காரையும் அல்ல. ஒரு தொழிலாளி ஒரு தடுப்பின் ஆணியை முறுக்கி, தட்டிப் பார்த்து, மறுபடி முறுக்கியதைத்தான். வேகத்தை ரசிக்கிற எல்லாரும் முதலில் ரசிக்க வேண்டியது அந்த ஆணியை.

சரி, கஸினோவுக்கு வருவோம். போட்டோ எடுத்த இடம் அதுதானே.

பெரிய அழகான கட்டடம். முன்னால் பூந்தோட்டம், பக்கத்தில் பழைய ஹோட்டல், வாசலில் நாம் பெயர் மட்டும் கேட்ட கார்கள். நாங்கள் உள்ளே போகவில்லை. சூதாட்டம் பற்றி நம்முடைய நிலைப்பாடு உங்களுக்குத் தெரியும், அதை நான் இங்கே பிரசங்கம் பண்ணத் தேவையில்லை. ஆனால் ஒரு விடயம் தெரிந்துகொள்ளுங்கள். மொனாக்கோக் குடிமக்கள் அந்தக் கஸினோவில் சூதாட அந்த நாட்டுச் சட்டமே தடை விதித்திருக்கிறது. வெளியாருக்குத் திறந்த கதவு, தங்கள் பிள்ளைகளுக்குப் பூட்டு. தாங்கள் விற்கும் சரக்கு என்ன என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

அந்தக் கஸினோ வந்த கதையும் ஒரு பாடம். ஒரு காலத்தில் மொனாக்கோ இவ்வளவு சின்னதாக இருக்கவில்லை. மென்தோன், ரோக்புரூன் என்ற இரண்டு ஊர்கள் அதோடு இருந்தன. ஆட்சியாளர்கள் போட்ட வரி தாங்காமல் 1848 இல் அந்த ஊர்கள் பிரிந்தன. 1861 இல் நாற்பது இலட்சம் பிராங்குக்கு அவை பிரான்ஸுக்குக் கைமாறின. நாட்டின் பெரும்பகுதி நிலமும் வருமானமும் போய்விட்டது. கையில் மிஞ்சியது ஒரு பாறையும் ஒரு துறைமுகமும். 1863 இல் ஒரு கம்பனியிடம் கஸினோவை ஒப்படைத்தார்கள். 1868 இல் ரயில் வந்தது. பணம் கொட்ட, 1869 இல் குடியிருப்பவர்களின் வருமான வரியையே எடுத்துவிட்டார்கள். வரியால் நிலத்தை இழந்த நாடு, வரி இல்லை என்பதாலேயே பணக்காரர்களை இழுக்கும் நாடாயிற்று. இன்று அரச வருமானத்தில் கஸினோவின் பங்கு மிகச் சிறியது. பெரிய பங்கு பொருட்களுக்கும் சேவைகளுக்கும் வாங்கும் வற் வரியிலிருந்து வருகிறது. அதாவது வேலைக்கு வரும் எங்கள் பையன் அங்கே ஒரு சாண்ட்விச் வாங்கினாலும் அதில் ஒரு பங்கு அரசுக்குப் போகிறது.

பின்னேரம் பழைய ஊர் இருக்கும் பாறைக்கு ஏறினோம். மேலே அரண்மனை. 1297 இல் பிரான்சுவா கிரிமால்டி என்பவர் துறவி வேடம் போட்டு, அங்கிக்குள் வாளை மறைத்துக்கொண்டு கோட்டையைப் பிடித்ததாகச் சொல்கிறார்கள். இன்றும் நாட்டின் சின்னத்தில் வாள் ஏந்திய இரண்டு துறவிகள் நிற்கிறார்கள். ஏமாற்றிப் பிடித்ததை மறைக்காமல் சின்னத்திலேயே போட்டுக்கொண்ட நாடு வேறெங்கும் இருக்குமோ தெரியாது. அரண்மனைக் காவலர் மாறும் நிகழ்வு ஒவ்வொரு நாளும் 11.55 க்கு. அதையும் காசில்லாமல் பார்க்கலாம்.

எனக்கு உண்மையில் பிடித்தது கடலியல் அருங்காட்சியகம். இதற்கு டிக்கட் உண்டு, ஆனால் கொடுத்த காசு வீண் போகாது. முதலாம் அல்பேர்ட் என்ற இளவரசர் கட்டி 1910 இல் திறந்தது. கடலிலிருந்து 85 மீற்றர் உயரத்தில் செங்குத்துப் பாறையில் நிற்கிறது. அவர் பணத்தை வைத்துக்கொண்டு கப்பலில் ஊர் சுற்றியவர் மட்டுமல்ல, விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு போனவர். 1901 இல் அவருடைய கப்பலில் நஞ்சுள்ள கடல் உயிரி ஒன்றைப் பற்றித் தொடங்கிய ஆய்வுதான், உயிரையே எடுக்கும் கடும் ஒவ்வாமை எப்படி ஏற்படுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வழி திறந்தது. சார்ல்ஸ் ரிஷேவுக்கு 1913 இல் நோபல் பரிசு அதற்குத்தான். இன்று நண்டு சாப்பிட்டு உடம்பு வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடும் நம் ஊர்ப் பிள்ளைக்கு வைத்தியர் ஊசி போடுகிறார் என்றால் அந்த அறிவின் தொடக்கத்தில் அந்தக் கப்பலும் இருக்கிறது.

அதே அருங்காட்சியகத்துக்கு ஒரு கறையும் உண்டு. 1984 இல் அதற்குக் கீழே கடலில் கோலெர்பா என்ற வெப்பவலயப் பாசி ஒரு சதுர மீற்றர் அளவில் காணப்பட்டது. மீன் தொட்டியிலிருந்து தப்பியது என்பதே விஞ்ஞானிகளின் முடிவு. அதைப் பார்த்தவுடன் பிடுங்கியிருந்தால் முடிந்திருக்கும். யார் பொறுப்பு என்ற வாக்குவாதத்தில் வருடங்கள் போக, அது பல நாட்டுக் கரைகளுக்குப் பரவியது. சின்னதாக இருக்கும்போது கவனி என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணக்காரர் நாடு என்கிறோம், ஆனால் அங்கே பொதுச் சொத்து நன்றாக இருக்கிறது. மலைச்சரிவில் இருக்கும் ஊர் என்பதால் வீதிக்கு வீதி ஏற இலவச லிஃப்ட்களும் நகரும் படிகளும் வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் உம்மாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. கூலிக்கு வந்தவரும் கோடீஸ்வரரும் அதே லிஃப்ட்டில் ஏறுகிறார்கள். லார்வோட்டோ கடற்கரை எல்லாருக்கும் திறந்தது. கடலுக்குள் புதிதாக 6 ஹெக்டேயர் நிரப்பி 2024 டிசம்பரில் திறந்த மரெத்தெரா பகுதியில் விலை கேட்கவே முடியாத வீடுகள் இருந்தாலும், கரையோர நடைபாதையில் யாரும் நடக்கலாம். நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன சோற்றுப் பார்சலைத் துறைமுகத்துக்கு மேலே ஒரு பொது வாங்கில் இருந்து சாப்பிட்டோம். யாரும் எழுப்பவில்லை.

அன்று மாலை என் பழைய மாணவரைச் சந்தித்தேன். அந்தச் சிவப்புப் பெராரிக்காரர்.

ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் வேலை. பாத்திரம் கழுவத் தொடங்கி இப்போது மரக்கறி வெட்டும் இடத்துக்கு வந்திருக்கிறார். வாசம் நீஸில், நான்கு பேர் ஒரு அறையில். இரவு வேலை முடிந்து கடைசி ரயிலைப் பிடிக்காவிட்டால் விடியும்வரை நிலையத்தில்தான். பிரான்ஸில் பேப்பர் கிடைக்க ஆறு வருடம் எடுத்தது. மொனாக்கோவில் வேலைக்கு வேறாக அனுமதி வேண்டும், அங்கே சட்டப்படி முன்னுரிமை முதலில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு. வாப்பா மௌத்தானபோது வர முடியவில்லை.

"அந்த வேலையில வெக்கம் ஒண்டுமில்ல சேர். ஹலாலான உழைப்பு. வீட்டுக்கு மாசம் மாசம் அனுப்புறன்" என்றார். உண்மை. அந்த மனிதன் மீது எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "சேர், ஒரு உதவி. எண்ட தம்பி உங்கட ஸ்கூல்லதானே ஏ.எல். படிக்கான். என்ட போட்டோவப் பார்த்திட்டு, படிச்சி என்ன, நானும் வாறன் எண்டு நிக்கான். காணிய வித்து ஏஜன்டுக்குக் காசு குடுக்க உம்மாவும் சம்மதிச்சிட்டாவாம். நான் சொன்னாக் கேக்கான் இல்ல. நீ மட்டும் நல்லா இருந்தாக் காணுமா எண்டு கேக்கான்."

"நீ அந்தச் சமையலறையில் நிற்கும் ஒரு போட்டோ போட்டிருக்கிறாயா?" என்று கேட்டேன்.

"இல்ல சேர்."

"நானும் இன்று காலை ரயிலில் நின்ற போட்டோ எடுக்கவில்லை. கஸினோவுக்கு முன்னால் எடுத்தேன்" என்றேன். இருவரும் சிரித்தோம். ஆனால் அது சிரிக்கும் விடயமில்லை.

என் கருத்து இதுதான். ஊர் சுற்றுவது நல்லது. வசதி உள்ளவர்கள் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஆனால் பிறருடைய செல்வத்துக்குப் பக்கத்தில் நின்று அதை நம்முடையது போலக் காட்டும் பழக்கத்தை விடுவோம். அந்தக் கார் என்னுடையதுமில்லை, அவருடையதுமில்லை. அதன் சொந்தக்காரர் எங்கள் இருவரையும் பார்க்கவுமில்லை. ஆனால் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துத் தன் புத்தகத்தை மூடுகிறான், ஒரு தாய் காணி உறுதியை எடுத்து வைக்கிறாள்.

வெளிநாட்டில் உழைக்கும் தம்பிமாரே, உங்களைக் குறை சொல்லவில்லை. நல்ல நாளில் நல்ல உடுப்போடு ஒரு படம் எடுக்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. அதோடு இன்னொரு படத்தையும் போடுங்கள். ரயில், அறை, கை வெடித்த தோல். ஊருக்குப் போடப் பிடிக்காவிட்டால் தம்பிக்கு மட்டுமாவது அனுப்புங்கள்.

பெற்றோரே, பிள்ளை போகத்தான் வேண்டும் என்றால், மொழியும் தொழிலும் கையில் எடுத்துக்கொண்டு, நேரான வழியில், படிப்பை முடித்துவிட்டுப் போகட்டும். மொனாக்கோ தன் நிலத்தை இழந்த பிறகு எழும்பியது கையிலிருந்ததைக் கணக்குப் பார்த்துத்தான்.

அந்தப் பெரிய மாணவர் இதை எழுத அனுமதி தந்தார், பெயர் வேண்டாம் என்றார். போன வாரம் சமையலறையில் நின்று தம்பிக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். பின்னால் அடுக்கிய தட்டுகள், சத்தம், நீராவி. முகத்தில் வியர்வை. ஒன்றரை நிமிடம்.

தம்பி திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தான். செவ்வாய் வரவில்லை. புதனும் வியாழனும் வந்தான். காணி இன்னும் விற்கப்படவில்லை.

என்னுடைய பழைய போட்டோவை நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழே இந்தப் பதிவின் இணைப்பைப் போட்டிருக்கிறேன். மொனாக்கோ எப்படி என்று கேட்டு இன்பொக்ஸில் வந்தவர்களுக்கும் பதில் இதுதான்: அழகான இடம். காலை ரயிலிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.